பல வருஷம் நின்ற காரை எடுக்கப் போகிறீர்களா? பிரேக் பெடலை முதலில் மிதித்துப் பாருங்கள்

2025 பொங்கல் லீவில் நாகப்பட்டினத்தில் அப்பாவின் மாருதி ஜென்னை வெளியே எடுத்தேன். 2004 மாடல். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து ஓட்டுவதை விட்டபிறகு மூன்றரை வருஷமாக ஷெட்டிலேயே நின்ற வண்டி. புது பேட்டரி போட்டேன், பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். மூன்றாவது செல்ஃபில் எஞ்சின் பிடித்தது. வீடே கைதட்டியது. ரிவர்ஸ் போட்டேன். எங்கள் வாசலில் தெருவை நோக்கிச் சின்ன சரிவு உண்டு. அதில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதுவும் சும்மா மேலே வந்தது. எதிர்வீட்டுத் தென்னைமரம் நின்றுகொண்டிருந்ததால் வண்டியும் நின்றது. பம்பருக்கு 2,800 ரூபாய். அந்த நேரத்தில் தெருவில் யாரும் இல்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்குப் பிறகு நான் செய்த தவறு அதைவிடப் பெரியது. முதலில் வந்த மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்த உடனே "மாஸ்டர் சிலிண்டர் போச்சு சார்" என்றார். பெடலை மிதித்தால் பிரேக் திரவத்தை அழுத்திச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். சரி என்றேன். பாகம் 2,300, கூலி 700. இரண்டு நாள் பிரேக் நன்றாகப் பிடித்தது. மூன்றாம் நாள் பெடல் மறுபடி தரையில். உண்மையான கோளாறு பின்சக்கரத்து டிரம்முக்குள் இருந்தது. போக்குவரத்துக் கழக டிப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர்தான், ஒரு நட்டைக்கூடத் தொடாமல், பெடலை நாலு விதமாக மிதித்துப் பார்த்தே அதைச் சொன்னார். "பெடல் பேசும் தம்பி. அத கேக்காம ஸ்பேனர எடுக்காத" என்றார். அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். ஸ்பேனரே பிடித்திராதவரும் முதல் நாலு படிகளைத் தானே செய்துவிடலாம். அதற்குமேல் மெக்கானிக் வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கீழே சொல்வது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) இல்லாத பழைய சின்ன கார்களுக்கு: ஜென், ஆல்டோ, பழைய வேகன் ஆர், சான்ட்ரோ மாதிரி. முன்னால் டிஸ்க்கைக் கேலிப்பரில் உள்ள பேட்கள் கவ்விப் பிடிக்கும். பின்னால் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை வீல் சிலிண்டர் விரித்து டிரம்மோடு அழுத்தும்.

1. வண்டியை நகர்த்தாதீர்கள்

எஞ்சின் ஓடுகிறதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறோம். எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஓடி, பிரேக் இல்லாவிட்டால்தான் ஆபத்து. அதனால் பிரேக்கைப் பார்த்து முடிக்கும்வரை கியர் போடவே வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். அரைச் செங்கல் போதாது, மரக்கட்டையோ கருங்கல்லோ வேண்டும்.

பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவதும் வேண்டாம். முன்னால் போகிற வண்டி நின்றால் உங்கள் வண்டி போய் அதன் முதுகில் மோதும். ஒன்று, மெக்கானிக் வீட்டுக்கு வரவேண்டும். இல்லையென்றால் வண்டியையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி வரவேண்டும். எப்படியும் ஆர்.சி.யும் இன்சூரன்சும் காலாவதியாகியிருந்தால் சொந்தமாக ஓட்டிப்போகவும் வழியில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் முதல்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அடுத்தமுறை 4,000. விபத்து நடந்துவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்.

2. டப்பாவைப் பாருங்கள்

பானட்டைத் திறந்தால், ஸ்டீயரிங் இருக்கிற பக்கம், எஞ்சினுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, பிரேக் திரவம் இருப்பது. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் துணியால் துடைத்துவிடுங்கள். மூன்று வருஷத் தூசி உள்ளே விழுந்தால் அதுவே புதுக் கோளாறு.

கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தால் பயப்பட வேண்டாம். முன் பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. டப்பா காலி என்றால் எங்கோ கசிவு. நிறத்தையும் பாருங்கள். புதியது வெளுத்த தேன் நிறத்தில் இருக்கும். எங்கள் டப்பாவில் இருந்தது காபி டிகாக்‌ஷன். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம்தான் சிலிண்டரையும் பிஸ்டனையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நடக்கும். எங்களூர் மாதிரி கடற்கரை ஊரில் வெளிப்பக்கத்தை உப்புக்காற்று கவனித்துக்கொள்ளும்.

கவனியுங்கள்: பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது ஆயில் இல்லை. ஆயில்தானே என்று எஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் பருத்துவிடும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கேலிப்பர்வரை ரப்பர் உள்ள ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டிவரும். மூடியிலேயே டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதை மட்டும் வாங்குங்கள். டாட் 3 கேட்கிற இடத்தில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன், வேறு ஜாதி, கலக்கவே கூடாது. ஷெட் பரணில் அப்பா திறந்து வைத்த பாதி பாட்டில் இருக்கிறதே என்றால், அது எப்போதோ ஈரம் குடித்துவிட்டது. தூர வையுங்கள்.

இப்போதைக்கு ஊற்ற வேண்டியதும் இல்லை. டப்பா காலியாக இருந்தால் மட்டும் சோதனைக்காக மேல்கோடுவரை ஊற்றுங்கள். எப்படியானாலும் அளவை மார்க்கர் பேனாவால் குறித்து வையுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்து வந்துவிடும்.

3. ஒரு ராத்திரி செய்தித்தாள் விரியுங்கள்

காசில்லாத சோதனை, நான் தாண்டிப்போனதும் இதைத்தான். நாலு சக்கரத்தின் உள்பக்கமும், டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழேயும் பழைய செய்தித்தாளை விரித்து, பெடலைப் பத்து முறை மெதுவாக, தரைவரை போகாமல் மிதித்துவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய காரில் எல்லாமே ஒழுகும். எது எது என்று எப்படித் தெரியும்? ஒரு சொட்டைத் தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் விடுங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில் என்றால் மேலே மிதக்கும். பிரேக் திரவம் தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விடும். டம்ளரை மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், அது விஷம்.

டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஒவ்வொரு டயரின் உள்பக்கச் சுவர், டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு, மாஸ்டர் சிலிண்டரும் அதற்குப் பின்னால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பெரிய வட்டமான பூஸ்டரும் சேரும் இடம், வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய்கள். குழாயில் துரு பொருக்குத் தட்டி வீங்கியிருந்தால் இன்று ஒழுகாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே.

ஈரமே இல்லை, அதனால் கசிவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். எங்கள் வண்டியில் செய்தித்தாள் காய்ந்துதான் இருந்திருக்கும். பின்சக்கரத்தில் ஒழுகியதெல்லாம் டிரம்முக்குள்ளேயே தேங்கி ஷூவில் ஊறியிருந்தது. இன்னொரு மறைவிடம் பூஸ்டர். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போனால் திரவம் பூஸ்டருக்குள் போய்விடும், வெளியே ஒரு சொட்டு தெரியாது. எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்து, சைலன்சரில் வெள்ளைப் புகை விடும். அதனால்தான் மார்க்கர் கோடு. காகிதம் காய்ந்திருந்தும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், கசிவு இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்க வாய்ப்பு அதிகம்.

4. பெடலைப் பேச விடுங்கள்

எஞ்சின் ஓடக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள், முட்டுக்கட்டை இருக்கட்டும். நாலைந்து முறை மிதித்து பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தை (எஞ்சின் காற்றை உறிஞ்சி உண்டாக்கிய வெற்றிடம்) தீர்த்துவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

ஒரே மிதியில் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போகிறது, திரும்பத் திரும்ப மிதித்தாலும் ஏறவில்லை: திரவம் இல்லை, அல்லது மாஸ்டர் சிலிண்டர் அழுத்தமே கொடுக்கவில்லை. டப்பாவில் அளவு சரியாக இருந்தால் மாஸ்டர் மேல் சந்தேகப்படலாம். இரண்டு தனி வழிகள் உள்ள மாஸ்டர் என்பதால், ஒரு பக்கம் ஒழுகினாலும் மற்ற பக்கம் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும். ஆனால் பெடல் மிகவும் கீழே போனபிறகுதான் பிடிக்கும்.

மிதிக்க மிதிக்க மேலே ஏறுகிறது: இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஏறியபிறகும் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. இரண்டாவது மிதியிலேயே ஏறி, கெட்டியாக நின்றால் காற்று இல்லை. பின்பக்க ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. ஷூ தேய்ந்திருக்கலாம், தானாக இழுத்துக்கொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோயிருக்கலாம்.

கெட்டியாக இருக்கிறது, ஆனால் ஒரே அழுத்தத்தில் அரை நிமிஷம் வைத்திருந்தால் மெதுவாக இறங்குகிறது: வெளியே கசிவு, இல்லையென்றால் மாஸ்டருக்குள்ளேயே சீல் தாண்டித் திரும்பிப் போகிறது. டப்பாவின் அளவு குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால் மாஸ்டர்தான். என்னிடம் முதலில் வந்தவர் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் எனக்கு 3,000 ரூபாய் மிச்சம்.

கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது: எஞ்சின் ஓடாதபோது அப்படித்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. இப்போது பெடலை அழுத்திக்கொண்டே, கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் உடனே பூஸ்டரை மாற்றச் சொல்லாதீர்கள், எஞ்சினிலிருந்து அதற்கு வரும் ரப்பர் ஹோஸை முதலில் பாருங்கள். நின்ற வண்டிக்குள் எலி குடும்பம் நடத்தும். எலி கடித்த ஹோஸை மாற்றச் சில நூறு ரூபாய்தான். பூஸ்டர் என்றால் ஆயிரக்கணக்கில்.

மிதித்தால் மேலே திரும்பி வரவில்லை: பெடல் அச்சில் துரு, அல்லது மாஸ்டரின் பிஸ்டன் உள்ளே இறுகிவிட்டது.

இந்தச் சோதனையில் ஒரு ஜாக்கிரதை. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் பெடலை வேகமாகத் தரைவரை மிதிக்காதீர்கள். ஓடிய காலத்தில் மாஸ்டருக்குள் பிஸ்டன் ஒரு பாதி தூரம்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் யாரும் போகாத இடத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டரை நாமே கெடுப்பது இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒன்றரை அங்குலப் பலகைக் கட்டை ஒன்றைப் போட்டுவிட்டால் கால் அதற்குமேல் போகாது.

5. சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

மேலே சொன்னதெல்லாம் பிரேக் பிடிக்காத கதை. நின்ற காரில் பிரேக் விடாத கதையும் உண்டு. கியர் போட்டால் வண்டி திமிறும், நகராது. அப்போது எஞ்சினை உறும விட்டு வெடுக்கென்று இழுப்பது வழக்கம். செய்யாதீர்கள். டிரம்மோடு ஒட்டிப்போன ஷூவின் லைனிங் தகட்டிலிருந்து பிய்ந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள், ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாகப் பயன்படுத்தவும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் இருக்கலாம், சக்கரம் சுற்ற வேண்டும்.

முன்சக்கரம் இறுகியிருந்தால் கேலிப்பரின் பிளீடர் நிப்பிளை, அதாவது திரவத்தை வெளியே விடும் சின்னத் திருகை, கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். திரவம் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி, போக விடுகிறது, வர விடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஹோஸ் புதுசு மாதிரி இருக்கும். இரண்டு முன்சக்கரமும் அப்படியே என்றால் மாஸ்டர் முழுக்கத் திரும்பவில்லை என்று பொருள். நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் கேலிப்பர் பிஸ்டனோ அது நகரும் பின்களோ துருப்பிடித்திருக்கின்றன. ஓட்டும்போது ஒரு பக்கம் இழுப்பதற்கும் இவைதான் பெரும்பாலும் காரணம்.

பின்சக்கரம் இறுகியிருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிள், அல்லது ஒட்டிப்போன ஷூ. டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டினாலே பல நேரம் விட்டுவிடும். எங்கள் வண்டியில் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக் சும்மா மேலே வந்ததற்குக் காரணம் அதுவும் திரவத்தில் ஊறிய ஷூவும்.

டிஸ்க்கில் தெரியும் மெல்லிய செந்துருவைக் கண்டு பதற வேண்டாம். நாலைந்து பிரேக்கில் தேய்ந்து போய்விடும். விரல் நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால்தான் மாற்ற வேண்டும்.

6. டிரம்மைத் திறக்காமல் எதையும் வாங்காதீர்கள்

ஜென் மாதிரி வண்டிகளில் பின்பக்க டிரம்மைக் கழற்றுவது புதியவர்கள் செய்யும் வேலை இல்லை. மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நின்று மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் தொப்பியை விலக்கச் சொல்லுங்கள். லேசான ஈரப் பிசுபிசுப்பு பரவாயில்லை. வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது. இரண்டு, ஷூவில் திரவம் ஊறியிருக்கிறதா? "பெட்ரோல்ல கழுவி உப்புத்தாள் போட்டுத் தரேன் சார்" என்பார்கள். வேண்டாம். உள்ளே ஊறியது சூடானதும் மறுபடி கசிந்து வரும். ஒரு பக்கம்தான் ஊறியிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு சக்கரம் பிடித்து மற்றது வழுக்கும். மூன்று, டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ விரட்ட விடாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வெள்ளம் ஏறிய தெருவில் நின்ற வண்டி என்றால் இந்தப் படியை முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்குள் சேறு இறங்கியிருக்கும்.

7. செலவும் நாளும்

நான் 2025 தொடக்கத்தில் கொடுத்தது இது. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டு 1,100, ஷூ செட் 850, முன் ஹோஸ் இரண்டு 700, கேலிப்பர் சீல் கிட் 450, ஹேண்ட் பிரேக் கேபிள் 900, டிரம் இரண்டையும் லேத்தில் கடைந்தது 500, அரை லிட்டர் பிரேக் திரவம் இரண்டு பாட்டில் 520, கூலி 2,500. மொத்தம் 7,520. இதற்கு முன் வீணடித்தது, பம்பரையும் சேர்த்து, 5,800.

லேத்தில் கடைவதற்கு முன் டிரம்மிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்ட அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டினால் டிரம் மெலிந்து வெடிக்கும், புதுசு வாங்குவதுதான் வழி.

நாள்கணக்கு: கண்டுபிடிக்க ஒரு மாலையும் ஒரு ராத்திரியும். பழைய மாடலுக்குப் பாகம் உள்ளூர்க் கடையில் எல்லாமே ஒரே நாளில் கிடைக்காது. எனக்கு ஹோஸ் வர நாலு நாள் ஆனது. வேலை ஒரு முழு நாள். நான் திருச்சியிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து செய்ததில் மூன்று வாரம் ஓடியது. சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை நினைவுக்கு வரும். கதவு, கண்ணாடி, பம்பர் அங்கே வாங்குங்கள். ரப்பர் உள்ள பிரேக் பாகத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், அதுவும் எங்கோ நின்றுபோன வண்டியிலிருந்து கழற்றியதுதான்.

கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள். என் பழைய மாஸ்டர் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நன்றாகத்தான் இருந்திருக்கும்.

8. ஏர் எடுப்பது

பாகம் மாற்றியபின் குழாயிலிருக்கும் காற்றை எடுக்க வேண்டும். டிகாக்‌ஷன் நிறத்துப் பழைய திரவம் முழுக்க வெளியேறி, புதியது தெளிவாக வரும்வரை நாலு சக்கரத்திலும் விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் மாஸ்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள், ஆனால் சில வண்டிகளில் வரிசை வேறு. உங்கள் வண்டியின் மேன்யுவலில் உள்ளபடி செய்வது நல்லது. நடுவில் டப்பா காலியாக விடக்கூடாது, காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பலகைக் கட்டை இங்கேயும் பெடலுக்கு அடியில் இருக்கட்டும்.

பிளீடர் நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவைத்து, ரிங் ஸ்பேனரால்தான் திறக்க வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், வலுவாகத் திருகினால் உள்ளேயே முறியும்.

பிறகு நாலாம் படியின் சோதனை முழுவதையும் திரும்பச் செய்யுங்கள். தேறினால், ஆள் நடமாட்டமில்லாத சமதள மைதானத்தில், பத்து கிலோமீட்டர் வேகத்தில் நாலு தடவை, இருபதில் நாலு தடவை பிரேக் போடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியபின் இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையை நீட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில் மார்க்கர் கோட்டைப் பாருங்கள்.

9. காகிதங்கள்

வரிசை முக்கியம்: பிரேக், இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடைசியில் ஆர்.டி.ஓ. அங்கே மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார், அதனால் பிரேக்கை முடிக்காமல் நாள் குறிக்காதீர்கள்.

இன்சூரன்சில் மூன்றாம் நபர் காப்பு மட்டும் போதுமென்றால் 2022-ல் நிர்ணயித்தபடி 1,000 சிசிக்குள் உள்ள காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 2,471. அதற்குமேல் 1,500 சிசி வரை 3,416, வரி தனி. உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு தனி. காலாவதியான வண்டிக்குப் பாலிசி வாங்கிய நிமிஷமே தொடங்கும் என்று நினைக்காதீர்கள், பாலிசியில் தொடக்கத் தேதியைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுங்கள்.

ஆர்.சி. 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25. அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேஸிஸ் எண்ணின் பென்சில் நகல் கையில் இருக்கட்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று மத்திய விதியில் இருக்கிறது. 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து, 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. இந்தத் தொகையையும் பழுதுச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, வண்டி அதற்குத் தகுமா என்று பழுது பார்க்கும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் பேசவே விடவில்லை, அது அப்பாவின் வண்டி.

இன்னொரு பொறி: ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், பெயரை நீக்கியிருக்க மாட்டீர்கள். பேங்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். இதற்கே இரண்டு வாரம் ஆகலாம், முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

10. மறுபடி நிறுத்தும்போது

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். முதல் கியரும் முட்டுக்கட்டையும் போதும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெருமுனைவரையாவது ஓட்டி, நாலு முறை பிரேக் போடுங்கள். பிரேக் திரவத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீர்கள். மாற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறேன். பலகைக் கட்டை டிக்கியில் கிடக்கிறது.